மட்கார்டுக்கு அளவெடுத்த கதை

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அதற்கு முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, நானும் அதை விட்டேன். ஒற்றெழுத்தெல்லாம் சாம்பாருக்கு உப்புப் போடுவதுபோலக் கைக்கு வந்தபடி போடுவேன். இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. எந்த வருடம் நடந்தது என்று கேட்டால் அந்த மழைக்காலம் என்பேன். எந்த மழைக்காலம் என்று கேட்டால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன்.

அடுப்படிக்குப் போவது என் பழைய வழக்கம். எனக்குக் கூச்சம் அதிகம். வீட்டுக்கு யாராவது வந்தால் காபி வெளியே வரும், நான் வரமாட்டேன். கல்யாண வீட்டில் எந்தத் தூணுக்குப் பின்னால் நின்றால் போட்டோவில் விழமாட்டோம் என்று பார்த்து நிற்பேன். எங்கள் வீட்டு ஆல்பத்தைப் புரட்டினால் என் முழங்கை தெரியும், சேலைத் தலைப்பு தெரியும், நான் தெரியமாட்டேன். (என் கல்யாணப் படத்திலேயே தலை குனிந்திருப்பதால் நெற்றிச்சுட்டிதான் தெளிவாக விழுந்திருக்கிறது.)

இப்படிப்பட்ட நான் நிறைந்த சபையில் எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று மானம் போன கதையை எழுதச் சொன்னது என் மருமகள் கௌசல்யா. ஹைதராபாத்தில் எங்கள் அல்வால் பக்கத்துத் தமிழ்க்காரர்கள் சேர்ந்து பொங்கலுக்கு ஒரு மலர் போடுகிறார்களாம். "நீங்களே எழுதுங்க அத்தை. நான் சொன்னா கூட்டிச் சொல்றேன்னு நினைப்பாங்க" என்றாள். அவள் சொல்லி நான் மாட்டேன் என்று சொன்னதில்லை. அதனால் வந்த வினைதான் இந்தக் கதையும்.

கதைக்கு நடுவில் நிற்பது ஒரு மோட்டார் சைக்கிள். என் வீட்டுக்காரருடையது. அவர் இங்கே ராணுவத்துக்குச் சாமான் செய்யும் ஒரு தொழிற்கூடத்தில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். ஹைதராபாத்துக்கு வந்து, மகன் பிறந்து, படித்து, வேலைக்கும் போய்விட்டான். ஆனாலும் இவர் பேச்சில் தாமிரபரணி இன்னும் வற்றவில்லை.

காலையில் அவர் அந்த வண்டியைத் துடைப்பதைப் பார்க்க வேண்டும். பழைய பனியனை நனைத்துப் பிழிந்து, டாங்கில் ஆரம்பித்து ஸ்போக்ஸ் கம்பி வரை ஒவ்வொன்றாக வருவார். கட்டிக்கொண்டு வந்த புதிதில்கூட என் முகத்தை அவர் அவ்வளவு உன்னிப்பாகப் பார்த்த ஞாபகம் இல்லை. ஆனால் பின்சக்கரத்து மட்கார்டு மட்டும் அவரை ஏமாற்றிவிட்டது. வெளியே பளபளவென்று இருந்துகொண்டே உள்ளுக்குள் துருவேறி, நுனிப்பக்கம் முழுக்க அப்பளம்போல் ஆகிவிட்டது. வண்டியைக் கிளப்பினால் கடகடவென்று தகரம் அடித்துக்கொள்ளும். தெருவில் எல்லாரும் பால்காரர் வந்துவிட்டார் என்று பாத்திரத்தோடு வருவார்கள். அந்த வண்டிக்கு அந்த மட்கார்டு இப்போது கடைகளில் வருவதே இல்லை.

கௌசல்யா இதே ஊரில் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த பெண். அவள் அப்பாவுக்கு அங்கே பட்டறையில் வேலை. மகளுக்குச் சொப்புச் சாமானுக்குப் பதிலாக நட்டும் போல்ட்டும் கொடுத்து வளர்த்திருக்கிறார். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அப்போது என் மகனுக்குப் பூனாவில் வேலை, அதனால் அவள் எங்களோடு இருந்தாள். அவளுடைய ஆபீஸ் ஊரின் அடுத்த கோடியில். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாள் போக மற்ற நாளெல்லாம் பஸ் மாறி பஸ் மாறிப் போய், வாடின கீரைக்கட்டு மாதிரி வீட்டுக்கு வருவாள். வாசலில் வண்டி சும்மா நிற்கும். அவளுக்கு வண்டி ஓட்ட நன்றாகத் தெரியும். ஒருநாள் கேட்டே விட்டாள்.

"மாமா, ஆபீசுக்கு நான் வண்டியை எடுத்துட்டுப் போகட்டா?"

அவர் பேப்பரை இறக்கி என்னைப் பார்த்தார். "அந்தப் பிள்ளைட்ட சொல்லு. மட்கார்டு சரியாகட்டும். பொறவு சாவியப் பத்திப் பேசுவோம்."

(அந்தப் பிள்ளை அவருக்கு எதிரிலேதான் நின்றாள். கோபமெல்லாம் கிடையாது. மகன் தானாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்த பெண்ணிடம் என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. அதனால் எல்லாப் பேச்சும் என் வழியாகத்தான் போய்வரும். அவள் கேட்கும் கேள்விக்கு எனக்குப் பதில் வரும்.)

மட்கார்டு சரியாகப்போவதில்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கௌசல்யாவுக்கு மட்டும் அது மறுப்பாகவே காதில் விழவில்லை. சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்கிய சாவியை ஒரு தடவை பார்த்தாள். "மட்கார்டு சரியானா சாவி. மாமா சொல்லிட்டாரு" என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அந்தச் சாவிமேல் அவளுக்கு இருந்த ஆசை பஸ் அலைச்சலால் மட்டும் வந்ததில்லை என்பது எனக்குப் புரிந்தது. அவர் தன் கையால் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தாள்.

அந்தச் சமயத்தில் அவர் ஊரில் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் புறப்பட்டுப் போனார். ரயிலேற்றிவிட்டு வந்த கையோடு கௌசல்யா சேலைத் துணியை விரிப்பதுபோல வாசலில் ஒரு தார்ப்பாயை விரித்துவிட்டாள்.

"அரிச்சுப்போன பாகத்தை மட்டும் அறுத்து எடுத்துட்டாப் போதும் அத்தை. நம்பர் பிளேட்டையும் லைட்டையும் மேல தூக்கி வச்சிரலாம். இப்ப எல்லாரும் பின்னால குட்டையாத்தான் வைக்கிறாங்க. கடைக்கே போக வேணாம், வீட்லயே பண்ணலாம்."

"மாமா வைவாவ பிள்ளே."

"நக்கோ அத்தை, பயப்படாதீங்க. மட்கார்டு சரியாகட்டும்னுதானே சொன்னாரு? சரியாகப்போவுது." (நக்கோ என்றால் வேண்டாம், இந்த ஊர் உருது.)

அவள் வேலை செய்வதை நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அழகு என்றால் அப்படி ஓர் அழகு. சீட்டைக் கழற்றினாள். போனில் ஒரு வீடியோவைப் பார்ப்பாள், நிறுத்துவாள், ஸ்பேனரைப் போடுவாள். துருப்பிடித்த போல்ட்டோடு மல்லுக்கட்டாமல் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுவிட்டு, "கொஞ்சம் யோசிக்கட்டும்" என்று அடுத்ததற்குப் போவாள். திரும்பி வரும்போது அது யோசித்து முடித்துக் கழன்று வரும். கழற்றின நட்டையும் போல்ட்டையும் என் இட்லித் தட்டின் குழிகளில் வரிசையாக வைத்தாள், எது எங்கே இருந்தது என்று மறக்காமல் இருக்க. (அந்தத் தட்டில் அதற்குப் பிறகு அவித்த இட்லிக்கு ஒரு வாரம் பெட்ரோல் பங்க் வாசனை இருந்தது. நான் வாயே திறக்கவில்லை.)

மட்கார்டு தனியாகக் கழன்று வந்தது. எவ்வளவு நீளத்தில் அறுப்பது என்று குறிக்க வேண்டும். அவளிடம் இருந்தது இரும்பு டேப். வளைந்த தகரத்தின்மேல் அதைப் படிய வைத்தால் துள்ளிக்கொண்டு எழுந்தது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் தையல் டேப்பை எடுக்க உள்ளே ஓடினேன்.

எனக்குத் தெரிந்த ஒரே வேலை ரவிக்கை தைப்பது. கல்யாணம் ஆனதிலிருந்து தைக்கிறேன். தெருவில் பாதிப் பேர் நான் தைத்ததைத்தான் போட்டுக்கொள்கிறார்கள். அளவுக்கு நேரில் வரச் சொல்லக் கூச்சமாக இருக்கும் என்பதால் பழைய ரவிக்கையைக் கொடுத்தனுப்பச் சொல்லி அதிலேயே அளவெடுத்துவிடுவேன்.

"சூப்பர் அத்தை. இந்த மேல் போல்ட்டுலேர்ந்து பன்னெண்டு இஞ்சு. அங்க ஒரு கோடு, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வளைவா வரணும். எனக்கு மீட்டிங் வந்துருச்சு. போட்டு வைங்க, வந்து அறுக்கறேன்" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் தார்ப்பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். மட்கார்டை மடியில் வைத்தேன். நடுவில் ஒரு மேடு ஓடி, இரண்டு பக்கமும் சரிந்து, பார்க்க அச்சு அசல் மடித்துப் போட்ட ரவிக்கைக் கை மாதிரியே இருந்தது. டேப்பை வைத்தேன். சாக்குக்கட்டியால் புள்ளி வைத்தேன். பிறகு இந்தப் பக்கம் ஒரு வளைவு, அந்தப் பக்கம் ஒரு வளைவு. சும்மா சொல்லக்கூடாது, பானைக் கழுத்து வைத்த ரவிக்கையின் முதுகு மாதிரி வழவழவென்று ஒரு கோடு விழுந்தது. எனக்கே பெருமையாக இருந்தது.

மீட்டிங் முடிந்து வந்த கௌசல்யா அந்தக் கோட்டைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். "அத்தை! என்னா லைன் இது! மெஷின்ல போட்ட மாதிரி இருக்கு" என்றாள். அளந்து பார்க்கவில்லை. மாமியார் அளந்ததை இன்னொரு தடவை அளக்கக்கூடாது என்று நினைத்திருக்கிறாள், பாவம். கண்ணாடியை மாட்டிக்கொண்டாள், கையுறை போட்டுக்கொண்டாள், என்னைக் கதவுக்குப் பின்னால் நிற்கச் சொன்னாள். (நின்று பழகின இடம்.) அறுக்கிற மெஷினைப் போட்டதும் தீபாவளி மாதிரி பொறி பறந்தது. கோட்டிலிருந்து நூலளவு விலகவில்லை அவள் கை. டொணங் என்று ஒரு துண்டு கீழே விழுந்தது.

விழுந்த துண்டு ரொம்பப் பெரிதாக இருந்தது.

கௌசல்யா கண்ணாடியைக் கழற்றினாள். விழுந்ததைப் பார்த்தாள், கையில் மிச்சமிருந்ததைப் பார்த்தாள், என் தையல் டேப்பை எடுத்து வைத்துப் பார்த்தாள்.

"அத்தை... எத்தனை இஞ்சு வச்சீங்க?"

"நீ சொன்ன பன்னெண்டுதான். அதான், ஆறுல கோடு போட்டேன்."

"பன்னெண்டுன்னா ஆறுல எதுக்கு அத்தை?"

"மடிச்சா ஆறுதானே பிள்ளே?"

"எதை மடிச்சா? இது தகரம் அத்தை!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கைச் சுற்று பன்னிரண்டு என்றால் துணியை இரண்டாக மடித்து ஆறில் வெட்டுவோம். மார்புச் சுற்று முப்பத்தாறு என்றால் நாலாக மடித்து ஒன்பது. இத்தனை வருடமாக என் காது ஒரு அளவைக் கேட்டால் கை அதில் பாதியைத்தான் வைக்கும். அதற்கு யோசனையெல்லாம் கிடையாது. காது சொல்லும், கை மடிக்கும். தகரத்தை யாரும் மடித்து வெட்டுவதில்லை என்று என் கைக்கு யார் சொல்வது?

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கௌசல்யாவின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. பார்த்தால், அவள் தார்ப்பாயில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். "ரவிக்கை... மாமா வண்டிக்கு... ரவிக்கை..." என்று கண்ணில் நீர் வரச் சிரித்தாள். என்னை ஒரு சொல் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், அவள் சிரித்ததில்தான் அன்றைக்கு நான் அவளிடம் விழுந்தேன்.

திரும்ப ஒட்ட முடியாது என்றாள். விழுந்த துண்டில் பாதி துரு. "ரப்பர் ஷீட்ல ஒரு ஃபிளாப் வெட்டிக் கீழ மாட்டிட்டா நீளம் சரியாயிரும்" என்று போனிலேயே ஆர்டர் போட்டாள். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல வேலையைத் தொடர்ந்தாள். அறுத்த விளிம்பை அரத்தால் ராவினாள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள், பிரைமர் அடித்தாள், கறுப்புப் பெயின்ட் அடித்துக் காயவைத்தாள். லைட்டின் வயரையெல்லாம் டேப் சுற்றி உள்ளே மறைத்துக் கட்டினாள். மாட்டி முடித்துப் பார்த்தால் வண்டி பத்து வயது குறைந்து, கன்றுக்குட்டி வாலைத் தூக்கிக்கொண்டு நிற்பது மாதிரி நின்றது.

ஊரிலிருந்து வந்தவர் பையை இறக்காமல் வண்டியைச் சுற்றி வந்தார். உட்கார்ந்து பார்த்தார், எழுந்து பார்த்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"ஆரு செஞ்சா?"

"கௌசிதான்."

"ம்." அவருடைய ம்-களில் இது நல்ல ம். "பாக்க லட்சணமாத்தான் இருக்கு. ஓடுனா தெரியும். ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டு வளைகாப்புக்கு இதுலயே போவோம். போய்ட்டு வந்து சாவி விஷயம் பேசுவோம்னு அந்தப் பிள்ளைட்ட சொல்லு."

அந்தப் பிள்ளை பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். என்னை அடுப்படிக்குத் தள்ளிக்கொண்டு போனாள். "அத்தை, ஃபிளாப் இன்னும் வரலை. மழை தண்ணியில போனா சேறு அடிக்கும். மாமாகிட்ட சொல்லிரலாம்."

"ஐயோ, வேண்டாம் பிள்ளே. குட்டையாப் போச்சுன்னா ஏன்னு கேப்பாவ. நான் மடிச்ச கதை வெளிய வரும். எனக்கு வெக்கமா இருக்கு. ஃபிளாப் வந்ததும் சத்தமில்லாம மாட்டிருவோம். ஞாயித்துக்கிழமை மழை பெய்யாது." வானிலை ஆபீஸே நான்தான் என்பதுபோலச் சொன்னேன். அவள் மனசில்லாமல் தலையாட்டினாள்.

மழை பெய்தது. ஞாயிற்றுக்கிழமை விடிய விடியப் பெய்துவிட்டு, நாங்கள் புறப்படும்போது மட்டும் நல்ல பிள்ளைபோல் நின்றது. கௌசல்யா அதிகாலையிலேயே பஸ் பிடித்துப் போய்விட்டாள், சித்திரான்னங்கள் கிளற ஆள் வேண்டும் என்று என் மதினி, அதாவது இவருடைய அக்கா, அவளைக் கூப்பிட்டிருந்தாள். மதினி வீடு ராமச்சந்திராபுரத்தில், தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் பக்கம். அவளுடைய மருமகளுக்குத்தான் வளைகாப்பு.

நான் அன்றைக்கு வாழ்க்கையிலேயே முதல் தடவையாகப் பின்பக்கம் முடிச்சு வைத்த ரவிக்கை போட்டிருந்தேன். கௌசல்யா விடாப்பிடியாகத் தைக்க வைத்தது. மாம்பழக் கலர்ப் பட்டுச்சேலை. "ஒரு நாளாவது தலை நிமிந்து நடங்க அத்தை. எல்லாரும் பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

தலைப்பை இழுத்து முதுகைச் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, மடியில் வளையல் பையோடு ஒருபக்கமாக உட்கார்ந்தேன். வண்டியில் கடகடா சத்தம் கொஞ்சமும் இல்லை. பாலாநகர் தாண்டியதும் ரோடெல்லாம் தண்ணீர். பக்கத்தில் ஸ்கூட்டரில் வந்த ஒருவர் ஹாரன் அடித்தார். "ஆன்ட்டி! வெனக்க சூடண்டி!" என்று கத்தினார். பின்னால் பாருங்கள் என்கிறார். அந்நிய ஆம்பிளை கூப்பிட்டுத் திரும்பிப் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டா? நேராக உட்கார்ந்துகொண்டேன். கூகட்பள்ளியில் ஒரு ஆட்டோ நிறைய ஆட்கள் எங்களையே காட்டிக் காட்டிப் பேசினார்கள்.

"பாத்தியா?" என்றார் இவர், ஹெல்மெட்டுக்குள்ளிருந்து. "எல்லாவனும் வண்டியத்தான் பாக்கான்."

அவர் குரலில் அப்படி ஒரு பெருமை. கௌசியின் கையில் சாவி வந்து விழுந்ததுபோலவே எனக்கு இருந்தது. முதுகில் சிலுசிலுவென்று குளிர்ந்தது. நல்ல காற்று என்று நினைத்துக்கொண்டேன். இடது முழங்கையில் இரண்டு சேற்றுப்புள்ளி இருந்தது, துடைத்துவிட்டேன். அவ்வளவுதான் சேறு என்று இருந்துவிட்டேன்.

வளைகாப்பு வீட்டில் நுழைந்ததும் செருகியிருந்த தலைப்பை எடுத்து முதுகில் தொங்கவிட்டேன். வழக்கம்போல ஒரு மூலையில் சுவரோரமாகச் சாய்ந்து நின்றேன். மதினி அந்த வளைகாப்புக்காகவே சுவருக்குப் புது வெள்ளை அடித்திருந்தாள். பெண்கள் என்னைத் தாண்டிப் போகும்போதெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். முடிச்சு வைத்த ரவிக்கை வேலை செய்கிறது என்று நினைத்தேன். எனக்குக் கூச்சமாக இருந்தது. கொஞ்சம் நன்றாகவும் இருந்தது. கௌசி சொன்னதை நினைத்துத் தலையை நிமிர்த்தினேன்.

"செம்பகம், வந்திருக்கதுல நீதாம்ளா மூத்தவ. முதல் வளையல நீ போடு" என்று மதினி உள்ளிருந்து கூப்பிட்டாள்.

நான் நடு ஹாலுக்கு நடந்தேன். நிமிர்ந்து நடந்தேன். பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணுக்கு முன்னால், ஹால் முழுவதற்கும் முதுகைக் காட்டி நின்று, அவள் கையைப் பிடித்து முதல் வளையலை ஏற்றினேன். பின்னால் பேச்சுச் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. என்ன மரியாதை! அந்த அமைதியில் ஒரு சின்னப் பெண் பிள்ளையின் குரல் கணீரென்று கேட்டது.

"அம்மா, பெத்தம்மா வெனக்கால அந்தா புரத!"

பெரியம்மாவுக்குப் பின்னால் எல்லாம் சேறு என்கிறாள். இத்தனை வருடத்தில் தெலுங்கு கற்றுக்கொள்ளாமலே இருந்திருக்கக்கூடாதா என்று இருந்தது.

மதினி வந்து என் தோளைப் பிடித்துத் திருப்பினாள். "ஏளா! எந்த வயக்காட்டுல புரண்டுட்டு வார? ஹைதராபாத்துல நாத்து நடுதாவளா?" என்றாள். அப்புறம் அவள் கண் நான் சாய்ந்து நின்ற சுவருக்குப் போனது. அங்கே புது வெள்ளையில், தோள்பட்டை, முதுகு, இடுப்பு என்று ஒரு பொம்பிளையின் இடது பாதி அச்சாக விழுந்திருந்தது. ஒருபக்கமாக உட்கார்ந்து வந்ததால் சேறும் பாதிதான் அடித்திருந்தது. அதையும் மடித்து அளந்ததுபோல.

சத்தம் கேட்டு ஆம்பிளைகள் பக்கமிருந்து இவர் வந்தார். என் முதுகைப் பார்த்தார், வெளியே நின்ற வண்டியைப் பார்த்தார். அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"மட்கார்ட இம்புட்டுக் குட்டையாவா அறுக்கது? அளவு தெரியாம வண்டில கை வச்சா இப்படித்தான். இதுக்குத்தாம்ல யார் கையிலயும் சாவியக் குடுக்கதில்ல."

புளியோதரைக் கரண்டியோடு கௌசல்யா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். ஒரே பார்வையில் அவளுக்குப் புரிந்துவிட்டது. கரண்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "நான்தான் மாமா அறுத்தேன். அளவு தப்பாப் போச்சு. சாரி மாமா" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். என் பக்கம் கண்ணைக்கூடத் திருப்பவில்லை.

"அப்பம் சாவிய மறந்துரச் சொல்லு" என்றார் இவர், என்னைப் பார்த்து. அவளிடம் சொல்லச் சொல்லி, வழக்கம்போல.

எனக்குள் என்ன நடந்தது என்று எனக்கு இன்றைக்கும் எழுதத் தெரியவில்லை. தூண் எதுவும் பக்கத்தில் இல்லை. முதுகில் சேற்றோடு, நடு ஹாலில், அத்தனை பேரும் பார்க்க, என் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது என் குரல் என்று எனக்கே தெரியவில்லை.

"சொல்ல மாட்டேன்! அறுத்ததுதான் அவ. அளந்தது நானு!"

"நீயா?"

"நானேதான். அவ பன்னெண்டுன்னா. நான் ஆறு வச்சேன்."

"எதுக்குட்டி ஆறு வச்ச?"

"ரவிக்கைக்குத் துணிய மடிச்சுல்லா வெட்டுவோம்? கை பழக்கத்துல மடிச்சிட்டுது. அவ முந்தியே உங்ககிட்டச் சொல்லணும்னா. நான்தான் வெக்கப்பட்டுக்கிட்டுச் சொல்ல விடல. சாவி கிடையாதுன்னா அது எனக்குத்தான் கிடையாது, எனக்கு வண்டியும் ஓட்டத் தெரியாது. அவளுக்குக் குடுங்க!"

முதலில் மதினியின் தோள் குலுங்கியது. பிறகு அவள் பாயில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "ஏலே தம்பி... உன் பொண்டாட்டி... உன் வண்டிக்கு ரவிக்கை வெட்டிருக்காடே!" என்று அவள் சிரித்த சிரிப்பில் வீடே வெடித்தது. பிள்ளைத்தாய்ச்சிப் பெண் சிரித்ததில் நான் போட்ட வளையல் கலகலவென்று ஆடியது. "ஏ, நீ சிரிக்காத! வலி கிலி வந்துரப்போவுது" என்று மதினி அவளை அதட்டிக்கொண்டே தானும் சிரித்தாள்.

இவர் மட்டும் சிரிக்காமல் வெளியே போனார். கௌசல்யாவும் நானும் பின்னாலேயே போனோம். வண்டிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்தார். கர்ச்சீப்பால் சேற்றைத் துடைத்துவிட்டு, அறுத்த விளிம்பில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை விரலை ஓட்டினார். உள்ளே எட்டிப் பார்த்து வயர் கட்டியிருந்ததை இழுத்துப் பார்த்தார்.

"இந்த அருகை ஆரு ராவுனது?"

நான் வாயைத் திறக்கவில்லை. கேள்வி என்னைப் பார்த்து வரவில்லை. அவளைப் பார்த்து வந்தது.

"நான்தான் மாமா."

"பிசிறே இல்ல." அவர் வேலை பார்த்த இடத்தில் சாமானைக் கையில் வாங்கிப் பார்த்து அவர் சொல்லும் பெரிய பாராட்டே அதுதான். வேறு எதையும் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. என் சமையலையும் சேர்த்து.

திரும்பும்போது மறுபடியும் தூறல். நான் பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். (அன்றைக்கு வாய் ஒருமுறை திறந்துகொண்டதல்லவா, மூட மனசில்லை.) இவர் பையிலிருந்து சாவியை எடுத்தார். என் பக்கம் நீட்டினார். பிறகு கையைத் திருப்பி கௌசல்யா பக்கம் நீட்டினார்.

"நீ ஓட்டு. நான் பின்னால உக்காருதேன்."

"மாமா, பின்னால சேறு அடிக்கும்..."

"அடிக்கட்டும். முன்னால பள்ளம் பாத்துப் போ."

மதினி தன் சாப்பாட்டு மேசையின் பிளாஸ்டிக் விரிப்பை, ரோஜாப்பூ போட்டது, எடுத்து வந்து அவர் முதுகில் கட்டிவிட்டாள். நான் பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தபோது வாசலில் வண்டி நின்றது. இவர் இடுப்புக்குக் கீழே அசல் உழவுமாடு மாதிரி நின்றுகொண்டு, "பிரேக்கக் கொஞ்சம் முந்தியே பிடி கௌசல்யா, மத்தபடி கை நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நேராக அவளிடம். நடுவில் நான் இல்லை. எனக்கு வேலை போய்விட்டது. அப்படி ஒரு வேலை போனதற்கு யாராவது சந்தோஷப்பட்டிருப்பார்களா தெரியவில்லை, நான் பட்டேன்.

ரப்பர் ஷீட் மறுநாளே வந்தது. (வருகிறது பார், மறுநாள்.) கௌசல்யா அதை என் மடியில் போட்டு, "நீங்கதான் அத்தை அளக்கணும்" என்றாள். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. ஒருமுறை கெடுத்தவளிடமே மறுபடி டேப்பைக் கொடுக்கிற மனசு எத்தனை பேருக்கு வரும்? எனக்கு அவளிடம் பிடித்ததே அதுதான். நான் அளந்து, சத்தம் போட்டு எண்ணி, கோடு போட்டேன். அதே பானைக் கழுத்து வளைவு. அவளோடு சேர்ந்து வண்டி ஓட்டுகிற பெண்கள் அந்த வளைவைப் பார்த்துவிட்டு எந்தக் கடையில் செய்தது என்று கேட்கிறார்களாம். "எங்க அத்தை டிசைன்" என்று சொல்கிறாளாம். அந்தப் பெண்கள் வீட்டுக்கு வரும்போது காபியோடு நானும் வெளியே வருகிறேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எந்த அளவும் ஒரே தடவையில் முடிவதில்லை. இட்லிக்கு எத்தனை படி அரிசி போட என்று கேட்டு நான் பதில் சொன்னால், "மடிச்ச அளவா அத்தை, விரிச்ச அளவா?" என்பாள் கௌசல்யா. பூனாவிலிருந்து மகன் போனில், "அம்மா, ரெண்டு நாள் லீவு, வாரேன். மடிக்காம ரெண்டு" என்பான். அன்றைக்கு வளையல் போட்டுக்கொண்ட பெண்ணுக்குப் பிறந்த பெண் குழந்தைக்கு நான் பாவாடை தைத்துக் கொடுத்தபோது மதினி அதை விரித்துத் தூக்கிப் பார்த்து, "ஏளா, இது முழுசா இருக்கா?" என்றாள். அவள் வீட்டுச் சுவருக்குப் பிறகு இரண்டு கை வெள்ளை அடித்தும் என் பாதி உருவம் லேசாக எட்டிப் பார்க்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறாள். எங்கள் குடும்பத்தில் நான் தெளிவாக விழுந்த படம் அது ஒன்றுதான்.

எழுதச் சொன்னதை எழுதிவிட்டேன். வண்டி சமாச்சாரங்களில் எதற்கு என்ன பெயர் என்பதை கௌசல்யா ஒருமுறை படித்துப் பார்த்துத் திருத்திக் கொடுக்க வேண்டும். மலர் போடுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இதில் நான் எழுதியிருக்கும் இஞ்சுக் கணக்கையெல்லாம் யாராவது டேப் வைத்துச் சரிபார்த்துவிட்டு அச்சில் போடுங்கள். பாதியாகத்தான் எழுதியிருப்பேன்.